அவகாசம் வேண்டாம் என்றவள்

ஷெமிக்கு இரண்டு பாஷை தெரியும். அதுதான் அவளைக் கெடுத்தது.

மலையாளம் சுத்தமாகத் தெரியாதவள் என்றால், தமிழ் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து வரிக்கு வரி சொல்லிக் கொடுத்திருப்பார்கள். தமிழே தெரியாதவள் என்றால் பிழைக்கு இடம் வந்திருக்காது. இவளுக்கோ இரண்டும் உண்டு. ஒன்று எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்று அவளுக்கே சொல்லத் தெரியாது. பாறசாலைக்கும் உதியன்குளங்கரைக்கும் நடுவில் குடியிருக்கிறவர்கள் பாதிப்பேர் அப்படித்தான். மலையாளத்தில் ஜெபம் தொடங்கி, நடுவில் கண்ணீர் வந்துவிட்டால் தமிழில் முடிப்பார்கள். கர்த்தருக்குப் புரிகிறது. ஆபீஸ்களுக்குத்தான் புரிவதில்லை.

ஷெமி பிறந்தது எல்லைக்கு அந்தப் பக்கம், களியக்காவிளையை அடுத்து. பத்தாம் வகுப்பு வரை தமிழ்ப் பள்ளிக்கூடம். அதற்குப் பிறகு அண்டி ஆபீஸ். முந்திரிக்கொட்டையை உடைத்துப் பருப்பெடுக்கும் ஆலைக்கு அந்தப் பக்கத்தில் அப்படித்தான் பெயர். ஆபீஸ் என்றவுடன் ஃபேனும் நாற்காலியும் நினைக்க வேண்டாம். நாள் முழுக்கக் குத்தவைத்து உட்கார்ந்து, ஓட்டின் எண்ணெய் பட்டு விரல்நுனிகள் கறுத்துப்போகிற இடம். சிஜுவைக் கட்டிக்கொண்டு எல்லைக்கு இந்தப் பக்கம் வந்தபோது அவளுக்கு இருபத்து மூன்று வயது. ஆறே மாதத்தில் மலையாளம் வாயில் வந்துவிட்டது. எழுத்துதான் வரவில்லை. பஸ்ஸின் போர்டை வாசிக்கத் தெரியாமல், கண்டக்டரிடம் கேட்டுத்தான் ஏறுவாள்.

சிஜுவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெங்களூரில் டைல்ஸ் வேலை என்று போனான். பிள்ளை பிறந்தபோது ஒரு தடவை வந்து பார்த்தான். அதற்குப் பிறகு அவனுடைய போன் எடுக்கப்படாமல் அடித்தது. பிறகு அடிப்பதும் நின்றது. பிள்ளைக்கு ஜெஸ்னா என்று பெயர் வைத்தவள் ஷெமிதான்.

ஜெஸ்னாவுக்கு ஏழு மாதம் ஆனபோது ஷெமி இருமத் தொடங்கினாள். அண்டி ஆபீஸ் புகை என்று முதலில் நினைத்தாள். சளியில் ரத்தம் வந்த அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனாள். காசநோய் என்றார்கள். ஆறு மாதம் மாத்திரை. முதல் கொஞ்ச நாட்களுக்குக் குழந்தை பக்கத்திலேயே இருக்கக்கூடாது.

பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் பிள்ளையை வேறு எங்கே வைப்பது? அம்மா இல்லை. அண்ணன் வீட்டில் ஏற்கெனவே மூன்று பிள்ளைகள், நோய்ப் பெயரைக் கேட்டதும் அண்ணி கதவைப் பாதி சாத்திக்கொண்டுதான் பேசினாள். அடுத்த வீட்டு சாராம்மாதான் வழி சொன்னாள். அவள் அங்கன்வாடி டீச்சர். நாலு இடம் தெரிந்தவள், நாற்பது வார்த்தை பேசினால்தான் ஒரு விஷயத்துக்கு வருவாள்.

"மக்கா, நான் சொல்லியத கேளு. நகரத்தில பிள்ளைகள பாக்கிற ஒரு இடம் உண்டு. குழந்தைகள் நலக் குழுவில எழுதிக் குடுத்தா வச்சுப் பாத்துக்கிடுவாவ. உனக்கு சரியாகும்போ திரும்ப வாங்கலாம். நல்ல இடமாக்கும்."

ஷெமி பிள்ளையைக் கொண்டுபோய் விட்டாள். அங்கே கேட்டபோது, "எனக்கு இப்ப வளர்க்க முடியாது" என்று சொன்னாள். 'இப்ப' என்ற சொல்லை எழுதியவர் விட்டுவிட்டார். அதற்கும் மேலே, இரண்டு தடவை போய்ப் பார்த்தவள் பிறகு போகவில்லை. இரண்டாவது தடவை அவளுக்கு இருமல் வந்தது. ஆயா சட்டென்று குழந்தையின் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த ஆயாவின்மேல் தப்பில்லை. ஆனால் ஷெமிக்கு அவமானமும் பயமும் சேர்ந்து, முழுசாகக் குணமாகாமல் பிள்ளை முகத்தில் முழிக்க மாட்டேன் என்று ஆகிவிட்டது. மாத்திரையை ஒரு நாள் விடாமல் விழுங்கினாள். அந்த நாலு மாதம் பைலில் ஒரே வரியாக ஏறியது: தாய் வரவில்லை.

நோய் போயிற்று. டாக்டர் அப்படியே எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு, ஆகஸ்ட் மாதத்தில் ஒரு புதன்கிழமை குழுவின் முன்னால் போய் நின்றாள். சாராம்மாவுக்கு அன்று அங்கன்வாடியில் தாய்ப்பால் வாரமாம், ஷெமி தனியாகத்தான் போனாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மாள் மெதுவாகப் பேசுகிறவர். பைலைப் புரட்டினார். கணவன் எங்கே என்று கேட்டார். வீட்டில் வேறு யார் உண்டு என்று கேட்டார். பிறகு, குழந்தையின் விஷயத்தில் அவகாசம் வேணுமா வேண்டாமா என்று மலையாளத்தில் கேட்டார்.

ஷெமி அந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தாள். இனியும் அவகாசமா? வீடு சரி, வேலை சரி, பகலில் சாராம்மாவின் அங்கன்வாடி, நோய் போனதற்குக் காகிதம். எல்லாம் தயார். இன்றைக்கே தூக்கிக்கொண்டு போகலாமென்று ஒரு துண்டும் பாட்டிலில் வெந்நீரும் கொண்டுவந்திருந்தாள்.

"அவகாசம் ஒண்ணும் வேண்டா மேடம்," என்றாள். "எல்லாம் தீர்மானம் ஆச்சு."

"உறுதிதானா?"

"உறுதியாக்கும்."

அந்த அம்மாள் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சட்டப்படி அறுபது நாள் உண்டு என்றார். ஷெமி பையிலிருந்த துண்டைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் அறுபது நாளா? ஆனால் சட்டம் என்றால் சட்டம். பிள்ளையை ஒரு தடவை பார்க்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், பார்த்தால் கஷ்டம் கூடும் என்றார்கள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. காகிதங்களில் மூன்று இடத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டாள். டாக்டரின் காகிதத்தை யாரும் கேட்கவில்லை. இவர்கள் ஏன் இவ்வளவு இரக்கமாகப் பார்க்கிறார்கள் என்பது மட்டும் அவளுக்குப் புரியவில்லை.

அறுபது நாளையும் சர்ச் காலண்டரில் ஒவ்வொன்றாக அடித்தாள். அவளுடைய வாழ்க்கையிலேயே சந்தோஷமான அறுபது நாள் அதுதான் என்று பிறகு அவளே சொன்னாள். சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். பதினைந்து மாதப் பிள்ளை எவ்வளவு உயரம் இருக்கும் என்று தெரியாமல், அங்கன்வாடிக்கு வருகிற சின்னதுகளை நிறுத்தி வைத்துத் தன் கையால் சாண்போட்டு அளந்தாள். அந்த அளவுக்கு இரண்டு கவுன் தைத்தாள். ஒன்று கொஞ்சம் பெரிதாக, ஒன்று கொஞ்சம் சின்னதாக; இரண்டில் ஒன்று சரியாக இருக்குமே.

அறுபத்தோராம் நாள் காலையில் முதல் பஸ்ஸில் போனாள்.

ஆபீஸில் இருந்தவர் பைலை எடுத்துப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி பைலைப் பார்த்தார். "நீதானே எழுதித் தந்துவிட்டுப் போனாய்?" என்றார். நேற்றோடு தவணை முடிந்துவிட்டது, குழந்தை இனி தத்துக்கு உரியது, உத்தரவு இரண்டு நாளில் ஆகிவிடும் என்றார். ஷெமிக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. சேர்த்துப் பார்த்தால்தான் ஒன்றும் புரியவில்லை.

அடுத்து வந்த நாட்களைப் பற்றிச் சொல்லவே எனக்கு ஆத்திரமாக வருகிறது. பஞ்சாயத்தில் போலீசுக்குப் போ என்றார்கள். போலீசில் இது எங்கள் வேலை இல்லை என்றார்கள். ஆதாரில் அவள் முகவரி இன்னும் அண்ணன் வீட்டு முகவரி என்பதைப் பார்த்த ஒருவர், நீ தமிழ்நாட்டுக்காரி, அங்கே போய்க் கேள் என்றார். அங்கே போனால், பிள்ளை பிறந்தது கேரளத்தில், அங்கே போய்க் கேள் என்றார்கள். எல்லையின் இரண்டு பக்கமும் சொந்தமென்று நினைத்திருந்தவளுக்கு, அவசரமென்று வந்தபோது இரண்டு பக்கமும் கையை விரித்தது. சோறு இறங்கவில்லை. ராத்திரி உறக்கம் இல்லாததைவிடப் பகல்தான் மோசம். போன் அடித்தால் பிள்ளையைக் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லத்தான் அடிக்கிறதென்று உடம்பு நடுங்கும். அடிக்காவிட்டால், சொல்லாமலே கொடுத்துவிட்டார்களோ என்று நடுங்கும்.

கடைசியில் சாராம்மாவே ஒரு வழி கண்டாள். தான் காட்டிய இடத்தில்தானே பிள்ளை போயிற்று என்ற குத்தல் அவளுக்கும் இருந்தது. முன்போல நாற்பது வார்த்தை பேசுவதில்லை. நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் இலவச சட்ட உதவிக்குப் பெயர் கொடுத்திருந்த கோமளவல்லி வக்கீலிடம் ஷெமியைக் கூட்டிக்கொண்டு போனாள். உத்தரவு வந்து அன்றைக்கு இருபத்தாறாம் நாள்.

கோமளவல்லிக்கு ஐம்பத்தைந்து வயது. சைவ வெள்ளாளக் குடும்பம். பாட்டன் பூட்டன் எல்லாம் ராஜா காலத்துக் கச்சேரிகளில் கணக்கெழுதியவர்கள். வீட்டில் தமிழ், கோர்ட்டில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். கோபம் அடிக்கடி வரும்.

"முப்பது நாளுக்குள்ள அப்பீல் போடணும். இருபத்தாறாம் நாள் வந்து நிக்கிய. முப்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. இத்தன நாள் எங்க போயிருந்த?"

 எங்கே போகவில்லை என்று கேட்டிருந்தால் ஷெமி சொல்லியிருப்பாள்.

வக்கீல் உத்தரவின் நகலை எடுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார். மலையாளத்தைக் கண்ணால் பார்த்து வாயால் தமிழில் சொல்லிக்கொண்டே போனார். "கணவன் கைவிட்ட நிலை... நான்கு மாதம் தாய் வரவில்லை... குழந்தையின் மேல் தனக்குள்ள அவகாசம் வேண்டாம் என்று தாய் சுயமாக அறிவித்தார்... மறுபடி ஆலோசிக்க அறுபது நாள் உண்டு என்பதும் சொல்லப்பட்டது..."

"ஆமா மேடம். அப்பிடித்தான் சொன்னேன்," என்றாள் ஷெமி.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "சொன்னியா?"

"சொன்னேன்."

"பின்ன எதுக்குடீ இஞ்ச வந்த? எனக்க நேரத்த முடிக்கவா?"

"சீக்கிரம் தரணும்னுதானே மேடம் சொன்னேன்."

"எத?"

"பிள்ளய."

"அவகாசம் வேண்டாம்னு சொன்னா பிள்ளைய எப்பிடித் தருவாவ?"

"அவகாசம் வேண்டாம்னா உடனே தரணும்தானே?"

 சாராம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கோமளவல்லி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். குரல் இறங்கிவிட்டது.

"ஷெமி. அவகாசம்னா என்ன? உனக்குத் தெரிஞ்சத சொல்லு."

"நாளு. நேரம். தவணை கேக்கியது. பள்ளிக்கூடத்தில அப்பிடித்தான் படிச்சேன்."

"மலையாளத்தில அப்பிடி இல்ல மக்கா," என்றார் கோமளவல்லி. "மலையாளத்தில அவகாசம்னா உரிமையாக்கும். பிள்ளை மேல உனக்கு உரிமை வேணுமா வேண்டாமான்னு அவங்க கேட்டிருக்காவ. ஒண்ணும் வேண்டாம்னு நீ சொல்லியிருக்க."

ஷெமி அந்தச் சொல்லை மலையாளத்தில் கேட்காதவள் இல்லை. கொடி பிடித்து ஊர்வலம் போகிறவர்கள் அவகாசம் அவகாசம் என்று கத்திக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறாள். அரசாங்கத்திடம் தவணை கேட்கிறார்கள்போல என்று நினைத்து, தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விட்டாள். எத்தனை ஊர்வலம் வாசல்வழியாகப் போயிருக்கும். ஒரு தடவை யாரிடமாவது கேட்டிருக்கலாம்.

"அந்த அறுபது நாள்?" என்று கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குப் பாதி தெரிந்துவிட்டது.

"உனக்கு மனசு மாறினா வந்து சொல்லியதுக்கான நாள் அது. அந்த அறுபதில எந்த நாள் வந்து, எனக்க பிள்ளைய தாங்கன்னு ஒரு வாக்கு கேட்டிருந்தாலும் தந்திருப்பாவ."

அறுபது நாளையும் காலண்டரில் அடித்துக்கொண்டு, கவுன் தைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, ஷெமி வீட்டில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். அவள் அழவில்லை. வாந்தி வருகிறது என்று எழுந்து வெளியே போனாள். சாராம்மா பின்னாலேயே போய் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது கோமளவல்லி எழுதத் தொடங்கியிருந்தார். கோபம் இப்போது வேறு பக்கம் திரும்பியிருந்தது. "ரெண்டு பாஷைக்காரங்க இருக்கிய ஊரில இத ஒருத்தன் யோசிக்காண்டாமா? கையெழுத்து தமிழில கிடக்கு, காகிதம் மலையாளத்தில கிடக்கு. வாசிச்சுக் காட்டினோம்னு எழுதியிருக்காவ. எந்தப் பாஷையில?" என்று பேனாவைப் போட்டு அழுத்தினார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். "ஆனா ஒண்ணு. இப்ப பிள்ள வேணும்னு தோணினதும் இவ கதை கட்டுதான்னு எதிர்வக்கீல் சொல்லுவான். கையெழுத்துப் போட்ட அந்த நாள்ல நீ பிள்ளைய கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்னு காட்ட ஏதாவது உண்டா? யாருகிட்டயாவது சொன்னியா?"

சாராம்மாவிடம் சொல்லியிருந்தாள். சாராம்மா வேண்டியவள், அது நிற்காது என்றார் வக்கீல். டாக்டரின் காகிதம் உண்டு. அது நோய் போனதைத்தான் காட்டும், மனசைக் காட்டாது. துண்டு, வெந்நீர்ப் பாட்டில்? அதை யார் பார்த்தார்கள்?

இரண்டு நாள் ஷெமி அந்தப் புதன்கிழமையைத் திரும்பத் திரும்ப நடந்து பார்த்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கியது, வழி கேட்டது, கேட்டுக்குள் போனது. இருபத்தெட்டாம் நாள் காலையில் அண்டி ஆபீஸ் வாசலில், வேலைக்கு வந்தவர்கள் பெயரெழுதுகிற நோட்டில் கையெழுத்துப் போடக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் நின்றவள், "ஏட்டி, நோட்டில என்ன படமா ஓடுது?" என்று இடித்தாள்.

ஷெமி பேனாவைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடிவந்து வக்கீலுக்குப் போன் போட்டாள்.

"மேடம், நோட்டு! குழு ஆபீஸ் கேட்டில ஒரு நோட்டு உண்டு. பேரு, நேரம், வந்த காரணம்னு எழுதணும். எல்லாரும் மலையாளத்தில எழுதியிருந்தாவ. நான் தமிழில எழுதினேன். பிள்ளையைக் கூட்டிட்டுப் போக அப்பிடின்னு எழுதினேன். வாட்ச்மேன் கூட, இத ஆரு வாசிப்பான்னு கேட்டான்."

அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. "கூட்டத்துக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னால. உள்ள போகும்போ."

"நேரம் போட்டிருக்கா?"

"பத்து இருவதுன்னு போட்டேன்."

"வச்சிடு. நான் எழுதணும்," என்றார் கோமளவல்லி. வெள்ளிக்கிழமை, இருபத்தெட்டாம் நாள், கோர்ட் மூடுவதற்கு முன்னால் நகரத்துக்குப் போய் அப்பீல் தாக்கல் ஆயிற்று.

முதல் விசாரணையில் ஷெமிக்கு ஒரு விஷயம் தெரியவந்தது. அவளைக் கொல்லாமல் கொன்ற விஷயம். எங்கோ தூரத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் ஜெஸ்னாவின் படத்தைப் பார்த்துப் பிடித்துப்போய், சம்மதம் சொல்லியிருந்தார்கள். அடுத்த வாரம் வரப்போகிறார்கள். அப்பீல் நாலு நாள் பிந்தியிருந்தால் பிள்ளை போயிருக்கும். தீர்ப்பு வரும்வரை குழந்தையை யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று ஜட்ஜ் அம்மா உத்தரவிட்டார். கேட் நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். பழைய நோட்டைத் தேட வேண்டும், சமயம் வேண்டும் என்று அரசு வக்கீல் கேட்டார். மூன்று வாரம் கிடைத்தது. கேட்டவுடன் சமயம் கிடைக்கிறவர்களை ஷெமி ஆச்சரியமாகப் பார்த்தாள்.

அந்த மூன்று வாரமும் அவளுக்கு அந்த இருவரின் நினைவுதான். அவர்கள் தொட்டில் வாங்கியிருப்பார்கள். அவர்களும் கவுன் வாங்கியிருப்பார்கள், சரியான அளவில். படிப்பும் பெரிய வீடும் இருக்கும். அண்டி எண்ணெய் படிந்த தன் விரலைப் பார்ப்பாள். பிள்ளைக்கு அதுதான் நல்லதோ என்று ஒரு நினைப்பு வரும். வந்த உடனே, அப்படி நினைத்ததை யாராவது எழுதி எடுத்துக்கொண்டார்களோ என்று பயந்து சுற்றிப் பார்ப்பாள். பேச்சே குறைந்துவிட்டது. கடையில் உப்பு கேட்கக்கூட, எந்தப் பாஷையில் கேட்கிறோம் என்று யோசித்துக் கேட்டாள். நோட்டு கிடைக்காவிட்டால்? மழையில் நனைந்து எறிந்திருந்தால்?

நோட்டு கிடைத்தது. ஒரு மூலை நனைந்து வீங்கியிருந்தது, ஆனால் அந்தப் பக்கம் இருந்தது. மலையாள வரிகளுக்கு நடுவில் ஒரே ஒரு தமிழ் வரி. ஜட்ஜ் அம்மாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. கோமளவல்லி வாசிக்க எழுந்தார். கட்சிக்காரியின் வக்கீலே வாசிப்பது சரியில்லை என்று அரசு வக்கீல் தடுத்தார். கோர்ட் ஊழியர்களில் தமிழ் தெரிந்தவர் யாராவது உண்டா என்று ஜட்ஜ் கேட்க, கதவருகில் நின்ற ஞானசிகாமணி என்ற அட்டெண்டர் முன்னால் வந்தார். அவரும் எல்லைக்காரர்தான். ஓய்வு பெறப் போகிற மனிதர். இத்தனை வருஷத்தில் கோர்ட்டில் அவர் கூப்பிட்டிருப்பதெல்லாம் ஆட்களின் பெயரைத்தான். அந்தப் பழக்கத்தில், அடுத்த கட்டிடத்துக்கும் கேட்கிற குரலில் வாசித்தார்.

"பிள்ளையைக் கூட்டிட்டுப் போக!"

தேதி அந்தப் புதன்கிழமைதான். நேரம் பத்து இருபது. குழுவில் அவள் பெயர் கூப்பிடப்பட்டது பதினொன்றரைக்கு என்று குழுவின் பைலே சொன்னது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் பிள்ளையைக் கூட்டிப்போக வந்ததாக எழுதியவள், எதற்காகப் பிள்ளையை எழுதிக் கொடுப்பாள்? கோமளவல்லி இதைத்தான் கேட்டார், கோபமில்லாமல். அவகாசம் என்ற சொல் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இந்தப் பக்கம் ஒன்றுமாக இருப்பதைப் பற்றியும் சொன்னார். அகராதிகள் இரண்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்திருந்தார்.

ஜட்ஜ் அம்மா ஷெமியை முன்னால் வரச் சொன்னார். கோர்ட் அவளிடம் நேராக ஒன்று கேட்க விரும்புகிறது என்றார். "ஈ குஞ்ஞின்றெ மேல் அவகாசம்..." என்று குழந்தையைச் சொல்லித் தொடங்கினார்.

 இந்த இடத்துக்காகத்தான் வக்கீல் மூன்று நாள் அவளைத் தயார் செய்திருந்தார். ஜட்ஜ் கேட்டால் வேணும் என்று சொல்லு. ஆனால் ஜட்ஜ் எந்த அவகாசத்தைக் கேட்கிறார்? இப்போதுதானே தமிழ் அர்த்தத்தையும் கேட்டார். இனியும் யோசிக்க நாள் வேணுமா என்று கேட்டுவிட்டால்? வேணும் என்று சொல்லி, அதுவும் தப்பாகிப்போனால்?

"மேடம்," என்றாள். கையைக் கும்பிட்டிருந்தாள். "அந்த வாக்கு மட்டும் வேண்டாம். எனக்குப் பேடியாக்கும், பயமாக்கும். வேற வாக்கில கேளுங்க."

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். ஜட்ஜ் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்கள். அந்த அம்மாள் காகிதங்களை ஒதுக்கி வைத்தார். பேனாவையும் வைத்தார். பிறகு பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

"குஞ்ஞினெ நினக்கு வேணோ?"

"வேணும்," என்றாள் ஷெமி. எந்தப் பாஷையில் சொன்னாள் என்று யாருக்கும் தெரியாது. அந்தச் சொல்லுக்கு மட்டும் அந்தப் பிரச்சினை இல்லை.

உத்தரவு அன்றைக்கே வரவில்லை. வீட்டைப் பார்த்து அறிக்கை கொடுக்க ஆள் வந்தார்கள். சாராம்மா அங்கன்வாடியின் படம், பாய், சுவரில் ஒட்டிய காய்கறி என்று எல்லாவற்றையும் காட்டினாள். ஆஸ்பத்திரியில் மறுபடி ஒரு சளிப் பரிசோதனை. அந்தப் பன்னிரண்டு நாளும் ஷெமி காலண்டரைத் திருப்பி வைத்திருந்தாள். பதிமூன்றாம் நாள், கையெழுத்துப் போட்ட காகிதமும் தத்துக்கு உரியதென்ற உத்தரவும் செல்லாது, குழந்தையைத் தாயிடம் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. கோமளவல்லி போனில் சொல்லிவிட்டு, "அழாத. அழுதா இந்தக் கிழவியும் அழுவேன், எனக்கு அடுத்த கேஸ் உண்டு," என்று வைத்துவிட்டார்.

ஷெமியும் சாராம்மாவும் போனபோது மணி மூன்று. ஆபீஸில் இருந்தவர் காகிதங்களை நீட்டினார். ஷெமி ஒவ்வொரு வரியையும் சாராம்மாவை வாசிக்கச் சொல்லி, ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் கேட்டு, பிறகு கையெழுத்துப் போட்டாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார்.

ரேஷ்மி என்ற ஆயா ஜெஸ்னாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முன்பு முகத்தைத் துணியால் மூடிய அதே ஆயா. பிள்ளைக்குப் பல் வந்திருந்தது. முடி சுருண்டிருந்தது. அவ்வளவு பெரிதாகியிருக்கும் என்று ஷெமி நினைக்கவில்லை. கொண்டுவந்த கவுன் இரண்டில் பெரியதே பிள்ளைக்குப் பற்றாது.

ஷெமி கையை நீட்டினாள். ஜெஸ்னா அவளை ஒரு முறை பார்த்துவிட்டு, வாயைப் பிதுக்கி, ரேஷ்மியின் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டு வீறிட்டது. ரேஷ்மி விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஒன்றைப் பிரித்தால் மற்றது பிடித்துக்கொண்டது. ரேஷ்மியின் கண்ணும் கலங்கிவிட்டது. ஷெமிக்கு உலகம் இருண்டது. இத்தனை பேரிடம் கேட்டுப் பெற்றாயிற்று, கேட்க வேண்டிய ஆளிடம் இன்னும் கேட்கவில்லை.

"பிடிச்சு வாங்கிக்கொண்டு போ," என்றார் ஆபீஸில் இருந்தவர். "பஸ்ஸில் ஏறினால் அழுது அழுது உறங்கிவிடும். நாலரைக்கு எனக்குப் பூட்டணும்."

சாராம்மாவும், "ஆமா மக்கா, எடு, பஸ்ஸு போயிரும்," என்றாள்.

ஷெமி நீட்டிய கையை இறக்கிக்கொண்டாள். செருப்பைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, அந்த வராந்தாவின் தரையில், அண்டி ஆபீஸில் உட்காருகிறதைப்போலவே நிதானமாக உட்கார்ந்தாள்.

"வேண்டாம் சாறே. பிடிச்சு இழுக்காண்டாம். அது தானா வரட்டும். எனக்கு அவகாசம் உண்டு."

அவர் அதை மலையாளத்தில் கேட்டுக்கொண்டார். சாராம்மா தமிழில் கேட்டுக்கொண்டாள். ஷெமி இரண்டிலும் சேர்த்துத்தான் சொன்னாள். பிள்ளை அழுகையை நிறுத்தாமலே, ரேஷ்மியின் தோளிலிருந்து தலையை மட்டும் திருப்பி, தரையில் உட்கார்ந்திருக்கிறவளைப் பார்த்தது.